மத்திக் குஞ்சின் நாட்கணக்கு

2012-ஆம் ஆண்டு கேரளக் கரையில் இறங்கிய மத்தி ஏறத்தாழ 3.9 லட்சம் டன். 2021-இல் 3,297 டன். 2023-இல் மறுபடி 1.38 லட்சம் டன். மூன்றும் கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. ஒன்பது ஆண்டில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போன மீன்பாடு, அடுத்த இரண்டே ஆண்டில் நாற்பது மடங்கு ஏறிவிட்டது. இந்த இடைவெளியில் படகுகள் நூற்றில் ஒன்றாகக் குறையவும் இல்லை, நாற்பது மடங்கு பெருகவும் இல்லை.

காரணம் கேட்டால் கடற்கரையில் இரண்டு பதில் கிடைக்கும். சினை மீனை அள்ளிவிட்டார்கள் என்பது ஒன்று. கடல் சூடாகிவிட்டது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் சினைக்கும் சந்தைக்கு வரும் மீனுக்கும் நடுவே சில மாதங்கள் இருக்கின்றன. அந்த மாதங்களைப் பற்றி இரண்டு பதிலும் வாய் திறப்பதில்லை. முட்டை எந்த வாரத்தில் கடலில் விழுந்தது, பொரித்த குஞ்சு எத்தனை நாளில் எவ்வளவு வளர்ந்தது என்பவையே மத்தி, நெத்திலி போன்ற சிறுமீன்களின் ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு வகிக்கின்றன என்பதை நூறாண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. முதல் கேள்வியை ஓரளவு எல்லோரும் கேட்டுவிட்டார்கள். இரண்டாவதை, அதாவது குஞ்சு வளரும் வேகத்தை, நம் மீன்பிடி விதிகள் இன்னும் கண்டுகொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

மத்திக்கு ஆயுள் குறைவு. இரண்டு, இரண்டரை ஆண்டுக்கு மேல் வாழ்வது அரிது. முதலாண்டு முடிவில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் வளர்ந்து சினைக்குத் தயாராகிவிடும். தென்மேற்குப் பருவமழை இறங்கும் ஜூன் மாதத்தில் முட்டையிடத் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை இடும். ஒரு பெண்மீன் பல்லாயிரம் முட்டைகளை நீரில் விடும். அவை மிதந்தபடியே ஏறத்தாழ ஒரு நாளில் பொரித்துவிடும். ஆகஸ்டுக்குப் பிறகு குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் தென்படும். ஆக, ஓர் ஆண்டில் வலையில் விழும் மத்தியில் பெரும்பகுதி ஒன்றிரண்டு பருவமழையில் பிறந்தவைதாம். பல ஆண்டு வாழும் காட் போன்ற மீனினத்துக்கு ஓர் ஆண்டு பொய்த்தாலும் மூத்த மீன்கள் ஈடுகட்டும். மத்திக்கு அப்படிக் கைகொடுக்க மூத்த தலைமுறை கிடையாது. ஒரு மழைக்காலம் கெட்டால் மறு ஆண்டே வலையில் தெரிந்துவிடும்.

இந்த வாழ்க்கைக் கணக்கை முதலில் ஒழுங்காக எழுதியவர்கள் சென்னை மாகாண மீன்துறைக்காரர்கள். மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லா. மத்தியிலிருந்து எண்ணெய் எடுப்பதும், சக்கையை எருவாக்கித் தோட்டங்களுக்கு அனுப்புவதும் அங்கே பெரிய வியாபாரம். ஓராண்டு கரை நிறைய மத்தி, மறு ஆண்டு கொப்பரை காயும். துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், நாயுடு என்ற துறை ஆய்வாளரோடு சேர்ந்து 1924-இல் வெளியிட்ட அறிக்கை மத்தியின் ஆயுள், முட்டையிடும் காலம், தின்னும் மிதவை உயிரிகள் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. 1940-களில் மத்தி ஏறத்தாழக் காணாமலே போனபோது அதே துறையின் தேவநேசன், சினை மீனையும் குஞ்சையும் அளவுக்கு மீறிப் பிடித்ததே காரணம் என்று 1943-இல் எழுதினார். அதையொட்டி மத்திக்கொல்லி வலை உள்ளிட்ட சில வலைகளுக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. பத்தாண்டு முடியுமுன்னே விலக்கியும் விட்டது. மீன் பிறகு தானாகத் திரும்பியது. கட்டுப்பாட்டால் திரும்பியதா, கட்டுப்பாட்டையும் மீறித் திரும்பியதா என்ற வழக்கு அன்று தொடங்கி இன்றும் நடக்கிறது.

அதே காலத்தில் உலகின் மறுகோடியில் இந்தக் கேள்விக்கு வேறொரு வடிவம் கிடைத்திருந்தது. நார்வேயின் யோஹான் யோர்ட் ஹெர்ரிங் மீன்களின் செதிலில் உள்ள வளையங்களை எண்ணி வயது பார்க்கும் முறையைப் பெரிய அளவில் பயன்படுத்தினார். 1904-இல் பிறந்த ஒரே தலைமுறை அடுத்து வந்த பல ஆண்டுகள் நார்வேயின் ஹெர்ரிங் மீன்பாட்டை ஆண்டது தெரியவந்தது. அதற்கு முன்னும் பின்னும் பிறந்த தலைமுறைகள் அதன் பக்கத்தில் நிற்கக்கூட முடியவில்லை. தாய்மீன்களின் எண்ணிக்கை அப்படி ஏறி இறங்கவில்லை. எனவே 1914-இல் யோர்ட் சொன்னார்: தலைமுறையின் தலைவிதி முட்டைகளின் எண்ணிக்கையில் இல்லை, மஞ்சள்கரு தீர்ந்து குஞ்சு முதன்முதலாக வாய் திறந்து இரை தேடும் சில நாட்களில் இருக்கிறது. அந்த நாட்களில் இரை இல்லையென்றால் கோடிக்கணக்கில் மடியும். நீரோட்டம் தவறான பக்கம் அடித்துக்கொண்டு போனாலும் அதே கதி.

இங்கிலாந்தின் டேவிட் குஷிங் இதற்குத் தேதி சேர்த்தார். வடகடல் போன்ற குளிர்ப் பகுதிகளில் மீன் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் முட்டையிடுகிறது. மிதவை உயிரிகள் பெருகும் வாரமோ ஆண்டுக்காண்டு முன்பின்னாகிறது. இரண்டும் ஒத்துப்போன ஆண்டில் பிறந்த தலைமுறை செழிக்கிறது, தவறிய ஆண்டில் சாகிறது. இதைவிடச் சுருக்கமாகவும் அழகாகவும் ஒரு விளக்கம் இந்தத் துறையில் வந்ததில்லை. அந்த அழகே அதன் ஆபத்தும் ஆனது. எந்த மீன் எங்கே குறைந்தாலும் காலம் தப்பியது என்று சொல்லிவிட்டு நகரும் பழக்கம் வந்துவிட்டது.

மலபார்க் கடலில் அந்த வாய்ப்பாடு அப்படியே செல்லாது. இங்கே இரையைக் கொண்டுவருவது வசந்தத்தின் வெயில் அல்ல; பருவக்காற்று. ஜூன் வாக்கில் காற்று கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசும்போது மேல்நீர் கரையிலிருந்து விலக, ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலெழுகிறது. குமரிமுனைப் பக்கம் முதலில் தொடங்கி வடக்கே நகர்கிறது. அந்த நீரில் ஊட்டச்சத்துகள் நிறைய. அதில் டயட்டம் எனும் ஒருசெல் பாசிகள் பெருகும். ஃபிராகிலேரியா ஓசியானிக்கா என்ற டயட்டம் பெருகினால் மத்தி வரும் என்று நாயரும் சுப்பிரமணியனும் 1955-இல் எழுதினார்கள். இதுவரை குஷிங்கின் கதைதான். ஆனால் ஆழத்து நீரில் ஊட்டச்சத்து மிகுந்திருப்பதுபோலவே பிராணவாயு குறைந்திருக்கும். இரையை ஊட்டும் நீரே மூச்சையும் அடைக்கும்.

1990-இல் ஆலன் லாங்ஹர்ஸ்டும் வாரன் ஊஸ்டரும் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் தொட்டது. மத்தி மீன்பாட்டின் பழைய கணக்குகளையும் கொச்சித் துறைமுகத்தில் பதிவான கடல்மட்ட அளவுகளையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்னால் கடல்மட்டம் எப்படி இருந்தது என்பதோடு மத்தியின் பெருக்கம் சேர்ந்து நடந்தது. மட்டம் தாழ்ந்தால் ஆழத்து நீர் மேலேறிவிட்டது என்று பொருள். காற்று வருமுன்னே அது எப்படி ஏறும்? வேறெங்கோ வீசிய காற்று எழுப்பிய அலை கரையைப் பற்றிக்கொண்டு வெகுதூரம் பயணம் செய்யும். வங்கக் கடலில் பிறக்கும் அப்படிப்பட்ட அலைகள் இலங்கையைச் சுற்றிக்கொண்டு மலபார்க் கரைக்கு வருவதைப் பிற்காலக் கடலியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூச்சு முட்டும் நீர் அப்படி முன்கூட்டியே கரையோரத் திட்டில் பரவினால், முட்டையிட வரும் தாய்மீன்கள் உள்ளே வர முடியாமல் வெளியே நின்றுவிடும் என்பது அவர்களின் ஊகம். இரை வரும் நாளோடு மூச்சடைக்கும் நாளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை அவர்கள் அளவுக்குத் தெளிவாக முன்னால் யாரும் சொன்னதில்லை.

நம் ஆய்வாளர் அந்தோணி ராஜா அதற்கு இருபதாண்டுக்கும் முன்பே இன்னொரு பக்கத்திலிருந்து இதே வாசலுக்கு வந்திருந்தார். அவர் பார்த்தது கடலை அல்ல, மீனின் வயிற்றை. சில ஆண்டுகளில் சினை முட்டைகள் வெளியேறாமல் சினைப்பைக்குள்ளேயே சிதைந்து கரைந்து போயிருந்தன. அப்படிச் சிதைந்த ஆண்டுகளை முட்டையிடும் பருவத்தில் மழை தவறியதோடு அவர் சேர்த்துப் பார்த்தார். தாய்மீன் இருந்தது, சினை இருந்தது, தலைமுறை மட்டும் இல்லை. சினை மீனைக் காப்பாற்றினால் போதும் என்பவர்கள் இந்தப் பழைய கண்டுபிடிப்பை மறந்துவிடுகிறார்கள்.

காற்றின் அளவைப் பற்றி ஒரு சொல். பிலிப் கியூரியும் கிளாட் ராயும் 1989-இல் பல நாட்டு மத்தி, நெத்திலி இனங்களை ஒப்பிட்டு, ஆழத்து நீர் மேலெழும் கடல்களில் காற்று நொடிக்கு 5, 6 மீட்டர் வேகத்தில் வீசும் ஆண்டுகளே குஞ்சுகளுக்கு நல்லவை என்றார்கள். குறைந்தால் இரை இல்லை; மிகுந்தால் நீர் கலங்கி இரை சிதறும், குஞ்சும் நடுக்கடலுக்குப் போகும். சிதறுவது வெறும் ஏட்டுச் சொல் அல்ல. 1970-களில் கலிபோர்னியாவின் ரூபன் லாஸ்கர், ஆய்வுக்கூடத்தில் பொரித்த நெத்திலிக் குஞ்சுகளைக் கப்பலில் ஏற்றிப் போய், கடலின் வெவ்வேறு ஆழத்திலிருந்து எடுத்த நீரில் விட்டுப் பார்த்தார். இரை அடர்ந்த ஒரு மெல்லிய அடுக்கின் நீரில் மட்டும் அவை வயிறு நிறையத் தின்றன. ஒரு புயல் வந்து போனதும் அந்த அடுக்கே கலைந்துவிட்டது. அதன்பின் எடுத்த நீரில் குஞ்சுகளுக்குத் தின்னப் போதவில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் முதல் சில நாட்களின் கதை. யோர்டின் கருத்து சரியென்றால் அந்த நாட்களைத் தாண்டிய குஞ்சுகளை எண்ணினால் அடுத்த ஆண்டு மீன்பாட்டைச் சொல்லிவிடலாம். கலிபோர்னியா நெத்திலியில் ராண்டல் பீட்டர்மனும் கூட்டாளிகளும் 1988-இல் அதைச் சோதித்தார்கள். பத்தொன்பது நாள் வயதுக் குஞ்சுகள் எத்தனை இருந்தன என்ற கணக்கு, ஓராண்டு கழித்து வலைக்கு வந்த மீனின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகவே இல்லை. வாய் திறக்கும் நாள் தாண்டிய பிறகும் வாழ்வா சாவா என்பது முடிவாகாமல்தான் இருக்கிறது. என் பார்வையில் இந்தத் துறையின் திருப்புமுனை இந்தச் சோதனைதான். முட்டையிடும் காலம் வாசலைத் திறந்துவிடுகிறது. உள்ளே எத்தனை பேர் வந்து சேர்வார்கள் என்பதை அதற்குப் பின்வரும் மாதங்களின் வளர்ச்சி தீர்மானிக்கிறது.

ஏன் வளர்ச்சி? எட்வர்ட் ஹூட் 1987-இல் காட்டிய தர்க்கத்தை எளிய எண்களில் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் குஞ்சுகள். நாளொன்றுக்கு இருப்பதில் பத்தில் ஒன்று சாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபத்தான சிறு பருவத்தை 40 நாளில் கடந்தால் ஏறத்தாழ 1,480 குஞ்சுகள் மிஞ்சும். நன்றாக வளர்ந்து 30 நாளில் கடந்தால் 4,240. வளர்ச்சி மந்தமாகி 50 நாள் எடுத்தால் 515. முட்டை ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை; நாளுக்கு நாள் சாவதும் அதே விகிதம்தான். இருபது நாள் வித்தியாசத்தில் தலைமுறை எட்டு மடங்கு மாறிவிட்டது. சாவு விகிதமும் சேர்ந்து மாறினால் வித்தியாசம் இன்னும் விரியும். ஆய்வுக் கப்பலின் சேகரிப்பு வலையில் பிடித்து எண்ணும்போது இந்த மூன்று தலைமுறைகளுக்கும் இடையே முதல் வாரத்தில் எந்த வேறுபாடும் தெரியாது.

கடலில் இது நடக்கிறது என்று எப்படித் தெரியும்? மீனின் தலைக்குள் உட்காதில் சுண்ணாம்பாலான சிறு கற்கள் உண்டு. காதுக்கல் என்கிறார்கள். அதில் நாளுக்கு ஒரு வளையம் படிகிறது என்று 1971-இல் ஜார்ஜோ பன்னெல்லா காட்டினார். நுண்ணோக்கியில் வைத்து வளையங்களை எண்ணினால் பிறந்த தேதி கிடைக்கும். இரண்டு வளையங்களுக்கு இடையே உள்ள அகலம் அன்றன்றைய வளர்ச்சியைச் சொல்லும். அகலமான வளையம் நன்றாக வளர்ந்த நாளினுடையது, நெருக்கமானது வாடிய நாளினுடையது. ஜப்பானின் அகினோரி தகசுகாவும் குழுவினரும் இதை வைத்து ஒரு கெட்டிக்காரத்தனமான வேலை செய்தார்கள். சகாமி விரிகுடாவில் நெத்திலிக் குஞ்சுகளையும், அவற்றைத் தின்னும் மீன்களையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் பிடித்தார்கள். தின்னும் மீன்களின் வயிற்றைக் கிழித்து உள்ளே கிடந்த குஞ்சுகளின் காதுக்கல்லை எடுத்தார்கள்; உயிரோடு திரிந்த குஞ்சுகளின் காதுக்கல்லையும் எடுத்தார்கள். ஒரே நீளமுள்ள குஞ்சுகளை ஒப்பிட்டபோது, வயிற்றுக்குள் கிடந்தவை அண்மை நாட்களில் மெதுவாக வளர்ந்தவையாக இருந்தன. சிறிதாக இருந்ததால் தின்னப்பட்டன என்று சொல்ல வழியில்லை, நீளம் ஒன்றுதானே. மெதுவாக வளரும் குஞ்சு சோர்ந்திருக்கிறது, தப்பி ஓடும் வேகம் அதற்கு இல்லை. அதே குழு ஜப்பானிய நெத்திலிக் குஞ்சு ஏறத்தாழ 22 டிகிரி வெப்பத்திலும், மத்திக் குஞ்சு ஏறத்தாழ 16 டிகிரியிலும் மிக வேகமாக வளர்வதாக 2007-இல் காட்டியது. அங்கே மத்தி பெருகும் காலத்தில் நெத்திலி குறைவதும், நெத்திலி பெருகும்போது மத்தி குறைவதும் ஏன் என்பதற்கு இது ஒரு நல்ல விடை. நம் மத்தி வெப்பக் கடலின் வேறு இனம் என்பதால் அந்த எண்களை இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது.

வளர்ச்சிக்கு இன்னொரு எதிரி உண்டு, அது கூட்டம். 2024-இல் கேரளக் கடலில் பருவமழை நன்றாக அமைந்து மத்திக் குஞ்சு அளவில்லாமல் பெருகியது. சில மாத இடைவெளியில் மத்தியின் விலை கிலோ 300 ரூபாய்க்கு மேலிருந்து 20, 30 ரூபாய்க்கு விழுந்தது. விழுந்ததற்குக் காரணம் எண்ணிக்கை மட்டும் இல்லை. வந்த மீனெல்லாம் பொடியாகவும் சதையின்றியும் இருந்தது. உண்ண வாய்கள் பெருகி இரை பங்கு குறைந்து வளர்ச்சி நின்றுவிட்டது என்று கொச்சி ஆய்வு நிறுவனம் விளக்கியது. 1980-களில் ஜப்பானிய மத்தி உச்சத்தில் இருந்தபோதும் மீன் இப்படித்தான் சிறுத்துப் போயிருந்தது. குஞ்சு நிறைய இருந்தால் அடுத்த ஆண்டு மீன் நிறைய வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது என்பதற்கு இவை இரண்டும் சாட்சி.

இப்போது விதிகளைப் பார்ப்போம். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது. மீறினால் மீன்துறையும் கடலோரக் காவலும் பறிமுதல் செய்து அபராதம் போடுகின்றன. விதி நல்லது; அது வந்த பிறகு குஞ்சுகளை அள்ளிக்கொண்டு போய் மீன்தூள் ஆலைக்கு ஏற்றுவது குறைந்தது. ஆனால் விதியின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: நீளம் தெரிந்தால் வயது தெரிந்துவிடும் என்பது. நல்ல ஆண்டில் 10 சென்டிமீட்டர் என்பது சில மாதக் குஞ்சு, இன்னும் வளரப்போவது. நெரிசலான ஆண்டில் அதே 10 சென்டிமீட்டர் மீன் அதைவிட மூத்ததாக, வளர்ச்சி குன்றியதாக இருக்கலாம். ஒன்றை விட்டுவைத்தால் லாபம். மற்றொன்றை விட்டுவைப்பதால் பக்கத்தில் இருப்பவற்றின் இரைதான் குறையும். அளவுகோலுக்கு இந்த வேறுபாடு தெரியாது, காதுக்கல்லுக்குத் தெரியும்.

தடைக்காலம் இதைவிட முரட்டுத்தனமானது. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் இழுவைப் படகுகளுக்குத் தடை. மத்தி முட்டையிடும் காலத்தின் முற்பகுதி அதுதான். ஆனால் மத்தியைப் பெருமளவில் பிடிப்பது இழுவை மடி இல்லை; ரிங் சீன் என்று சொல்லும் வளைவலை. அதைப் பயன்படுத்தும் பாரம்பரிய மீனவர்கள் மழைக்காலத்தில் தொழில் செய்யும் உரிமையை 2007-ஆம் ஆண்டின் தனிச்சட்டமே காக்கிறது. அது அவர்களின் வயிற்றுப்பாட்டுக்காக வந்த நியாயமான சட்டம். ஆயினும் முட்டையிடும் காலத்துக்குத் தடை என்று சொல்லிக்கொண்டு மத்தியைத் தடைக்கு வெளியே வைத்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு மட்டும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தேதி. கடல் இரண்டு விதமாக நடக்கிறது என்பதை அரசு ஒத்துக்கொண்ட ஓர் இடம் இது. ஆனால் தேதிகள் ஆண்டுக்காண்டு அசைவதில்லை. ஆழத்து நீர் மேலெழும் வாரம் அசைகிறது.

குஞ்சின் வளர்ச்சியை நிர்வாகத்தில் சேர்த்துக்கொண்ட நாடுகள் உண்டா என்றால் உண்டு. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே உள்ள பிஸ்கே விரிகுடாவில் நெத்திலி 2005-இல் சரிந்தது. 2010 வரை பிடிக்கக் கூடாது என்று மூடினார்கள். அங்கே நெத்திலி வசந்தத்தில் முட்டையிடும், குஞ்சுகள் கோடையில் ஆழ்கடல் பக்கம் போய் வளரும். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள ஆஸ்தி நிறுவனம் 2003 முதல் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்காலத் தொடக்கத்தில் ஒலியலைக் கருவியோடு போய் அந்தக் குஞ்சுகளை அளக்கிறது. முட்டை எத்தனை என்று பார்க்காமல், கோடையைத் தாண்டி வளர்ந்து நிற்கும் குஞ்சு எத்தனை என்று பார்ப்பதுதான் அதன் சிறப்பு. அந்தக் கணக்கு அடுத்த ஆண்டின் மீன்பாட்டோடு நன்றாகவே பொருந்துகிறது. 2010-களின் நடுவில், பிடிக்கும் அளவைத் தீர்மானிக்கும் ஆண்டை ஜூலையிலிருந்து ஜனவரிக்கு மாற்றிக்கொண்டார்கள், இந்தக் கணக்கு கைக்கு வந்தபிறகு முடிவெடுக்கலாம் என்று.

பெருவின் அனுபவம் அவ்வளவு சுகமானதல்ல. அங்கே 12 சென்டிமீட்டருக்குக் குறைந்த நெத்திலி எண்ணிக்கையில் பத்தில் ஒன்றைத் தாண்டினால் அந்தக் கடற்பகுதியைச் சில நாட்கள் மூடிவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கேப்ரியல் எங்லாண்டர் என்ற பொருளாதார ஆய்வாளர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த மூடல்களால் குஞ்சு பிடிபடுவது ஏறத்தாழ ஐம்பது விழுக்காடு கூடிவிட்டது என்று காட்டியது. மூடிய பகுதியை அரசு அறிவித்ததும் மீன் எங்கே இருக்கிறது என்று எல்லாப் படகுக்கும் தெரிந்துவிடுகிறது. எல்லையின் ஓரத்தில் போய் வலை போடுகிறார்கள். அதே 2023-இல் எல் நினோ தொடங்கிக் குஞ்சுகளின் விகிதம் மிகவும் உயர்ந்தபோது, வடக்கு, நடுப்பகுதிக் கடலில் அந்த ஆண்டின் முதல் பருவம் முழுவதையும் ரத்துசெய்ய வேண்டியதாயிற்று. அது நாட்டின் பொருளாதாரத்தையே உலுக்கியது. 1970-இல் ஒரு கோடியே இருபது லட்சம் டன்னுக்கு மேல் பிடித்து, 1972-இன் எல் நினோவில் எல்லாம் இழந்த நாடு அது. அந்த நினைவு இல்லாமலிருந்தால் ரத்துசெய்யும் துணிவு வந்திருக்காது.

மலபார்க் கரைக்கு இவற்றில் எது பொருந்தும்? பெருவைப்போல வரைபடம் போட்டு மூடுவது இங்கே அதைவிட மோசமாக முடியும். நூற்றுக்கணக்கான வளைவலைக்காரர்கள் கைபேசியில் ஒருவருக்கொருவர் மீனின் இடத்தைச் சொல்லிக்கொள்ளும் கடல் இது. பிஸ்கேயின் வழிதான் நடக்கக்கூடியது: செப்டம்பர், அக்டோபரில் குஞ்சுக் கூட்டத்தை ஒலியலையால் அளப்பது, இறங்குதளங்களிலிருந்து மாதிரி எடுத்துக் காதுக்கல்லைப் படித்து அந்த ஆண்டுக் குஞ்சு எந்த வாரத்தில் பிறந்தது, எந்த வேகத்தில் வளர்கிறது என்று பார்ப்பது. நெரிசல் தெரிந்தால் பொடி மீனுக்கான விதியைத் தளர்த்தலாம். குஞ்சு குறைவாகவும் நன்றாக வளர்வதாகவும் தெரிந்தால் சில வாரம் வலையை நிறுத்தச் சொல்லலாம். அறிவியலில் இதற்குத் தடை ஏதும் இல்லை. தடை பணத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தர முடிவதற்குக் காரணம், அந்த 61 நாள் எவை என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரிந்திருப்பதுதான். செப்டம்பரில் காதுக்கல்லைப் பார்த்துவிட்டு அக்டோபரில் மூன்று வாரம் தொழிலை நிறுத்தச் சொல்ல வேண்டுமானால், எந்த ஆண்டு தேவைப்படும் என்று தெரியாத ஒரு நிவாரணத்துக்கு முன்கூட்டியே நிதி ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். அப்படியொரு தலைப்பு இரு மாநிலங்களின் மீன்துறைக் கணக்கிலும் முதலில் திறக்கப்பட வேண்டும்.